ஆற்றிலே சாயம்... ஆகாயத்தாமரைக்குக் கொண்டாட்டம்!

"ஆகாயத்தாமரை அகற்றும் பணி தொடங்கியது" என்று நாளிதழில் படித்திருப்பீர்கள். சில மாதம் கழித்து, அதே இடத்தின் பெயரோடு, "மீண்டும் ஆகாயத்தாமரை ஆக்கிரமிப்பு" என்று இன்னொரு செய்தி வரும். பொக்லைன் வைத்து அள்ளிப் போட்ட செடி எப்படித் திரும்பி வருகிறது?

சேலத்துத் திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டம் வழியாக ஓடி, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது இந்த ஆறு. ஊருக்குள் வந்ததும் வீட்டுச் சாக்கடை சேர்கிறது. சாயப்பட்டறைக் கழிவும் சேர்கிறது என்று புகார் எழாத வருடமே இல்லை. சாக்கடையில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம். இது எல்லோரும் சொல்வதுதான். சாயத்துக்கும் இந்தச் செடிக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

சூரிய ஒளிக்குள் பல நிறங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். செடிக்கு அந்த நிறங்கள் எல்லாம் ஒன்றல்ல! 1882-ல் எங்கல்மான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, முப்பட்டகத்தால் பிரித்த ஒளியை ஒரு பாசி இழை மீது விழச் செய்தார். கூடவே, ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களையும் விட்டார். சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் அவை ஈ மொய்ப்பது போல மொய்த்தன. பச்சை விழுந்த இடத்தில் கூட்டமே இல்லை. அதாவது, உணவு தயாரிக்கச் செடி அதிகம் பயன்படுத்துவது சிவப்பையும் நீலத்தையும். பச்சையில் ஒரு பகுதியை வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறது. இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான்.

இப்போது தண்ணீருக்குள் போவோம். பள்ளி ஆய்வகத்தில் புனலுக்குள் குமிழி விடுமே, ஹைட்ரில்லா, அது நம் நாட்டுச் செடி. மூழ்கியே வாழ்வது. தெளிந்த தண்ணீர்கூடச் சில மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதில் நீலச் சாயம் கலந்தால் மிச்சச் சிவப்பும் போச்சு! சிவப்புச் சாயம் கலந்தால் நீல ஒளி போச்சு. பல சாயங்கள் சேர்ந்து கறுப்பாக ஓடினால் அடியில் இருட்டுதான். சாயக்கழிவில் உள்ள உப்பும் ரசாயனமும் செய்கிற கெடுதல் தனி.

ஆகாயத்தாமரைக்கு இந்தக் கவலையே கிடையாது. அது மிதக்கிற செடி, இலைகள் தண்ணீருக்கு மேலே. ஆறு எந்த நிறத்தில் ஓடினாலும் வெயில் முழுசாகக் கிடைக்கும். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிதான் இதன் சொந்த ஊர். பூ அழகாக இருக்கிறதே என்று 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். வசதியான இடம் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகும். பாய் விரித்தாற்போல் மூடியதும் கீழே உள்ள செடிகளுக்கு மிச்ச வெளிச்சமும் நின்றுவிடும். குமிழி நின்றால் மீனுக்கும் மூச்சுத் திணறல்தான்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நம் ஊர்ச் சாது ஹைட்ரில்லா, 1950-களில் மீன்தொட்டிச் செடியாக அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளை அடைத்துக்கொண்ட பெரிய வில்லன்! அந்த நாட்டில் சின்னக் குளங்களில் இத்தகைய மூழ்கிய செடிகளை அடக்க, அனுமதிக்கப்பட்ட நீலச் சாயத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அது சிவப்பு ஒளியைத் தடுக்கும். மிதக்கும் செடியிடம் அந்தச் சாயத்தின் பாச்சா பலிக்காது. அங்கே திட்டம் போட்டுச் செய்வதை, நாம் தெரியாமலே நம் செடிக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, அள்ளிய பிறகும் ஏன் திரும்பி வருகிறது? அதன் விதை சேற்றுக்குள் 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். தண்ணீர் வற்றி வெளிச்சம் பட்டால் முளைக்கும். தப்பிய ஒரு துண்டும் போதும். தண்ணீர் தெளிந்திருந்தால் மூழ்கிய செடிகளாவது மறுபடி தலையெடுக்கும். சாயமும் சாக்கடையும் வந்துகொண்டே இருந்தால், பொக்லைன் வாடகைதான் மிச்சம்.

நிறத்தின் வேலையை நீங்களே பார்க்கலாம். ஆசிரியரிடம் சொல்லி ஹைட்ரில்லா சோதனையை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வையுங்கள். ஒன்றைச் சிவப்புக் கண்ணாடித்தாளாலும் மற்றதைப் பச்சைத்தாளாலும் சுற்றி, ஒரே வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணுங்கள்.