படத்தில் இல்லாததையும் பாருங்கள்

மாணவர்களே, எக்ஸ்ரே படத்தில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் தேடுவோம். சில சமயம், இருக்க வேண்டிய ஒன்று இல்லாததே முக்கியச் செய்தி.

பிறந்த குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயில், இதயத்துக்கு மேலே தைமஸ் சுரப்பியின் நிழல் அகலமாகத் தெரியும். நோயை எதிர்க்கும் டி அணுக்கள் முதிர்வது அங்கேதான். அந்த நிழலைக் காணோம். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்களிலும் கோளாறு. உடனே மருத்துவருக்கு 22ஆம் குரோமோசோம் மீது சந்தேகம் வரும். அதில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கலாம். தைமஸ் இல்லாத குழந்தைகளைப் பற்றி 1965இல் எடுத்துச் சொன்ன அமெரிக்க மருத்துவர் ஏஞ்சலோ டிஜார்ஜின் பெயரால், இது டிஜார்ஜ் நோய்க்குறி எனப்படுகிறது. ஏறக்குறைய 4,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தத் துண்டு இருக்காது.

கருவில் தைமஸ், பாராதைராய்டு, இதயப் பெருங்குழாய்கள் ஆகியவை கழுத்துப் பகுதியில் அருகருகே உருவாகின்றன. அதனால்தான் ஒரு துண்டு போனால் பல உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன.

ஆனால் படம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். கடும் நோயிலும் தைமஸ் சுருங்கும். ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனைதான் உறுதி சொல்லும். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் பிரிவுகள் உள்ளன.

நம் வீடுகளில் "இதயத்தில் ஓட்டை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது போதாது என்பது என் கருத்து. காரணம் தெரிந்தால்தான் கால்சியம் குறைந்து வலிப்பு வருவதைத் தடுக்கலாம். அறுவைச் சிகிச்சைக்குக் கதிர்வீச்சு செலுத்திய ரத்தத்தை ஏற்பாடு செய்யலாம்.

இன்னொன்று, தாயைக் குறை சொல்வது. கிரகணத்தில் வெளியே போனாள், கண்டதைச் சாப்பிட்டாள் என்பார்கள். இந்தக் குழந்தைகளில் 10 பேரில் 9 பேரின் பெற்றோருக்கு அந்தக் குறையே கிடையாது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது தற்செயலாக நேர்ந்த பிழை அது.

சுங்கை சோ போன்ற ஊர்களில் தாத்தா பாட்டிக்கு மருத்துவமனைக் கடிதத்தைப் படித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான். நான்காம் படிவ மரபியல் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். "இதற்குக் காரணம் என்ன டாக்டர்? மரபணுச் சோதனை தேவையா?" என்று தயங்காமல் கேளுங்கள்.