புகார்ப் பெட்டியில் பெயர் மறையுமா?



புகார்ப் பெட்டியில் சீட்டு போடுகிறவர்கள் பெயருக்குப் பதில் தங்கள் சேர்க்கை எண்ணின் 'ஹாஷ்' எழுத வேண்டும் என்று மாணவர் மன்றத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். யார் எழுதியது என்று யாருக்குமே தெரியாதாம். இது தப்பு என்பது என் கருத்து. சும்மா சொல்லலை, செஞ்சு பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

கணினி அறையில் இஎஸ்பி32 என்று ஒரு சின்ன போர்டு இருக்கிறது. அதில் ஷா-256 உதாரண நிரலை நானும் என் தோழியும் ஓட்டினோம். ஒரு எழுத்து கொடுத்தாலும் சரி, ஒரு புத்தகமே கொடுத்தாலும் சரி, விடை 64 எழுத்துதான். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஏபிசி கொடுத்தால் பிஏ7816 என்று தொடங்க வேண்டும். 2002-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட தர ஆவணத்திலேயே இந்த விடை இருக்கிறது. எங்களுக்கு வேறு என்னமோ வந்தது! அரை மணி நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டோம். கடைசியில் பார்த்தால், நாம் தட்டும் எழுத்தோடு 'அடுத்த வரி' என்ற கண்ணுக்குத் தெரியாத குறியையும் கணினி சேர்த்து அனுப்பியிருக்கிறது. அதை நிறுத்தியதும் சரியான விடை வந்தது. ஒரு குறி கூடினாலே விடை மொத்தமும் மாறிவிடுகிறது.

இதைப் பார்த்துத்தான் மன்றத்தினர் நம்பிவிட்டார்கள். அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எதுக்கு எடுக்கணும்? நம் சேர்க்கை எண் எல்லாமே 4 இலக்கம். 0000 முதல் 9999 வரை போனால் மொத்தமே 10,000 எண்கள். ஒவ்வொன்றையும் அரைத்து, சீட்டில் இருக்கும் மாவோடு ஒப்பிட்டால் போதுமே!

தோழி தன் சீட்டைக் கொடுத்து, "கண்டுபிடிடி பார்ப்போம்" என்றாள். ஏழெட்டு வரி நிரல்தான் கூடுதலாக எழுதினேன். அவள் டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் போர்டு அவள் எண்ணைச் சொல்லிவிட்டது. அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

ஷா-256 மேல் குற்றமில்லை. கொடுத்த எண்தான் சின்னது. கழிப்பறையில் தண்ணீர் வராததை எழுதினால் பரவாயில்லை. மாட்டிக்கிட்டாலும் திட்டுதான் விழும். ஆனால் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள் என்று ஒரு அக்கா எழுதினால்? மறைஞ்சிருக்கோம் என்று நம்பித்தானே அவள் மனசு விட்டு எழுதுவாள்?

அதனால் எண்ணே வேண்டாம். பின்னால் 'இது என் சீட்டு' என்று நிரூபிக்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும், யாரும் ஊகிக்க முடியாதபடி நீளமாக ஒரு ரகசிய வாக்கியம் யோசித்து அதன் ஹாஷை எழுதட்டும். வேண்டும்போது வாக்கியத்தைச் சொன்னால் போதும், போர்டே சாட்சி சொல்லும். பாட்டு வரி, சினிமா வசனம் எல்லாம் கூடாது, அதையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பெட்டியில் ஏற்கெனவே விழுந்த சீட்டுகளை யாரும் பார்க்காமல் கிழித்துவிடும்படி தலைமையாசிரியர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒண்ணு என்னுடையது.

- 9-ஆம் வகுப்பு மாணவி