பண்பலைப் பாட்டும் வாஞ்சூர் பீரும்: காரைக்காலை நாம எதுக்காகத் தேடிப் போறோம்?

நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்து ஆளா நீங்க? அப்படின்னா காரைக்கால்னு சொன்னதும் உங்க மனசுல ரெண்டு விஷயம் வந்திருக்கும். ஒண்ணு, 100.3 காரைக்கால் பண்பலை. இன்னொண்ணை வீட்டுல சத்தமா சொல்ல மாட்டீங்க. நாகூரைத் தாண்டினதும் வாஞ்சூர் எல்லையில வரிசையா நிக்கிற மதுக்கடைகள்.

சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி 2 லட்சம் பேர். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்த இந்தச் சின்ன நிலம், டெல்டாவுக்குப் பாட்டையும் கொடுக்கிறது, பீரையும் கொடுக்கிறது. நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. 'இந்தப் பாட்டைக் கேட்டியா மச்சான்?' என்று ஒருத்தர் செல்போனை நீட்ட, 'இந்த பிராண்டு நம்ம ஊர்ல கிடைக்காதுடா' என்று இன்னொருத்தர் கிளாஸை நீட்டுவார். பிடித்த பாட்டு, பிடித்த பீர் என்று பட்டியல் நீளும்.

இதில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? பாட்டைப் பகிர்வதில் ஒரு தப்பும் இல்லை. பிரச்னை, பாட்டுக்கும் பாட்டிலுக்கும் நாம் போட்டுவைத்திருக்கும் முடிச்சில் இருக்கிறது. அந்த முடிச்சை நமக்கு முன்பே போட்டு, நமக்கு முன்பே அவிழ்க்கவும் பழகிய ஒரு ரசிகர் கூட்டம் உலகத்தில் உண்டு.

டேப் கூட்டம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1965-ல் உருவான இசைக்குழு 'கிரேட்ஃபுல் டெட்'. 'ஜாம் பேண்ட்' என்ற வகைக்கே முன்னோடி. எழுதி வைத்ததை அப்படியே வாசிக்காமல், மேடையிலேயே மனோதர்மமாகப் பாட்டை நீட்டி, வளைத்து, எங்கெங்கோ போய்த் திரும்பி வருவார்கள். இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது. அதனால் ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியையும் டேப்பில் பதிவு செய்தார்கள். குழு தடுக்கவில்லை. 1984-ல் பதிவு செய்கிறவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. காசுக்கு விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் நிபந்தனை.

அந்தப் பகிர்வின் பலம் என்ன தெரியுமா? 1977 மே 8-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்த கச்சேரி, 40 வருஷம் ரசிகர்களின் கேசட்டுகளிலேயே வாழ்ந்தது. அதிகாரபூர்வ ஆல்பமாக வந்தது 2017-ல்தான். அதற்கு முன்பே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பீரும் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. 2013-ல் டாக்ஃபிஷ் ஹெட் என்ற அமெரிக்க மதுபான நிறுவனம், இந்தக் குழுவின் ஆல்பம் ஒன்றின் பெயரிலேயே ஒரு பீர் கொண்டுவந்தது. அதில் என்ன சேர்க்கலாம் என்று ரசிகர்களிடமே கேட்டு, கடைசியில் கிரனோலா என்ற தானியக் கலவையைச் சேர்த்தார்கள்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு இருக்கிறது. குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில், ஜாகிர் உசேனோடு சேர்ந்து வாசித்தவர் நம்ம கடம் வித்வான் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் விருது அந்த ஆல்பத்துக்குத்தான்.

நம்ம ஊரு ஜாம்

'அதெல்லாம் அமெரிக்காவுல, நமக்கேது?' என்கிறீர்களா? காரைக்காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தேவார மூவருக்கும் முன்பே பண்ணோடு பதிகம் பாடிய காரைக்கால் அம்மையார் இந்த ஊர்க்காரர். ஆனிப் பௌர்ணமியை ஒட்டிய மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கும் கூட்டம் அவர் பெயரில்தான் கூடுகிறது. தெற்கே நாகூர், அனிஃபாவின் ஊர். அந்தப் பக்கம் திருமருகல். நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் பிறந்த ஊர். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'டி.என்.' என்பது அவருடைய தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளையைக் குறிப்பது.

சாமி புறப்பாட்டில் மேளக்காரர்கள் தெருமுனையில் நின்று மல்லாரி வாசித்து, அப்புறம் ஒரே ராகத்தை எடுத்து மணிக்கணக்காக விரிப்பார்களே, அது ஜாம் இல்லாமல் வேறென்ன? தவிலும் நாகஸ்வரமும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு, மனோதர்மம் என்றால் என்னவென்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க ஊர் விட்டு ஊர் நடந்து போன தாத்தாக்கள்தான் டெல்டாவின் முதல் ரசிகர் மன்றம்.

ஆனால், அவர்கள் விடிய விடியக் கேட்டதில் எத்தனை நமக்குப் பதிவாகக் கிடைத்திருக்கிறது? 1956-ல் மறைந்த அந்த மேதையை நாம் இன்று கேட்பது சில இசைத்தட்டுகளிலும் ஒலிப்பதிவுகளிலும்தான். இன்று ஒவ்வொருத்தர் பையிலும் பதிவுக்கருவி இருக்கிறது. நம் கோயில் மேளம், பறை, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் இன்னமும் தெருவில் கரைந்துகொண்டிருக்கின்றன. பாட்டைப் பகிர்வது என்றால் இளையராஜாவின் 80-களோடு நிறுத்திக்கொள்கிறோம். அவை அழியாது, அவற்றைக் காப்பாற்ற நாலு கம்பெனிகள் இருக்கின்றன. திருநள்ளாறு வீதியில் வாசிக்கிற மேளக்காரரைக் காப்பாற்றத்தான் ஆளில்லை.

எல்லைக்கோடு போடும் கணக்கு

இப்போது பீருக்கு வருவோம். நம்ம பசங்க ஏன் எல்லை தாண்டுகிறார்கள்? மூன்று காரணங்கள்.

முதலாவது, விலை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் வரி தனி. 2020 மே மாதம் ஊரடங்குக்குப் பிறகு கடைகள் திறந்தபோது, அரசு சிறப்பு வரி போட்டு, தமிழ்நாட்டிலும் கிடைக்கிற பிராண்டுகளின் விலையை ஏறக்குறைய டாஸ்மாக் விலைக்குக் கொண்டுபோனது. 2021 ஏப்ரலில் அந்த வரி நீங்கியது, விலை பழையபடி இறங்கியது. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விலை என்ற நிலை ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

இரண்டாவது, வகை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடையில் இருப்பதுதான் கிடைக்கும். 'கூலிங் இருக்காண்ணே?' என்பதற்கு மேல் கேள்வி கேட்க வழியில்லை. காரைக்காலில் தனியார் கடைகள், பார்கள். கேட்டு வாங்கலாம், உட்கார்ந்து பேசலாம்.

மூன்றாவது, வயது. இதைத்தான் நாம் பேசுவதே இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. புதுச்சேரியில் 18 போதும். நாகப்பட்டினத்தில் ஒரு பாட்டில் பீர் வாங்க முடியாத 19 வயது கல்லூரி மாணவன், வண்டியை எடுத்தால் சற்று நேரத்தில் சட்டப்படியே வாங்கிவிடுவான். வாங்குவது சட்டப்படி, சரி. திரும்பி வருவது?

நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2017 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, காரைக்காலும் அதில் அடிபட்டது. தமிழ்நாட்டு அரசும் 2016, 2017, 2023 என மூன்று முறை தலா 500 டாஸ்மாக் கடைகளை மூடியது. ஒவ்வொரு தேர்தலிலும் மதுவிலக்கு பேச்சு வருகிறது. ஆனால், இங்கே மூடினால் அங்கே, அங்கே விலை ஏறினால் இங்கே என்று கூட்டம் எல்லைக்கோட்டில் முன்னும் பின்னும் நகர்கிறது, குறைவதில்லை. ஒரு அரசு மட்டும் கதவை மூடி இந்தப் பிரச்னையைத் தீர்க்க முடியாது. குறைந்தபட்சம் வயது வரம்பையாவது இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்கலாம். வரியில் கை வைப்பது கஷ்டம், வயதில் கை வைக்க என்ன தயக்கம்?

'ஒரே ஒரு பீர்தானே?'

சரி, நீங்கள் சட்டப்படி வயது வந்தவர். 'ஒரே ஒரு பீர்தான் ப்ரோ, ஒண்ணும் ஆகாது' என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

650 மில்லி பாட்டில், 8 சதவிகித ஸ்ட்ராங் பீர். அதில் 52 மில்லி சுத்த ஆல்கஹால், அதாவது சுமார் 41 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் இதை வேகமாகக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 80 முதல் 100 மில்லிகிராம் வரை ஏறலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அனுமதிக்கும் அளவு 30. ஒரே பாட்டிலில் மூன்று மடங்கு! உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். எனவே வண்டிச் சாவியைத் தொடக் குறைந்தது நான்கைந்து மணி நேரமாவது ஆக வேண்டும். 5 சதவிகித பீர் என்றாலும் எல்லை தாண்டிவிடும். எலுமிச்சை, மோர், முகத்தில் தண்ணீர் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது.

மாட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாட்டிலை எடுத்துக்கொண்டு வாஞ்சூரையோ பூவத்தையோ தாண்டினால் அது தனி வழக்கு, வண்டியும் போகும். மாட்டாமல் போனால்? இருட்டில், லாரிகள் ஓடும் கடற்கரைச் சாலையில், ஒரே வண்டியில் மூன்று பேர், காதில் இயர்போன். போலீஸிடம் மாட்டாதவர்களில் சிலரைப் பற்றித்தான் மறுநாள் காலையில் பேப்பரில் படிக்கிறோம்.

மஞ்சள் பலூன்

மறுபடி அந்த அமெரிக்க ரசிகர்களிடம் போவோம். கிரேட்ஃபுல் டெட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரான் மெக்கெர்னன் பெரிய குடிகாரர். 1973-ல் 27 வயதில் இறந்துபோனார். தலைமைக் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995-ல் 53 வயதில், போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். குடியும் போதையும் கொண்டாட்டமாக இருந்த கூட்டம் அது. விலையும் கொடுத்தது.

அந்தக் கூட்டத்துக்குள்ளேயே 1980-களில் ஒரு சின்னக் குழு உருவானது. 'வார்ஃப் ராட்ஸ்' என்று பெயர். குடியை விட்டவர்கள், ஆனால் பாட்டை விட மனமில்லாதவர்கள். கச்சேரி நடக்கும் இடத்தில் மஞ்சள் பலூன் கட்டி வைப்பார்கள். இடைவேளையில் அங்கே கூடிப் பேசுவார்கள். யாருக்கும் உபதேசம் கிடையாது, குடிக்கிறவரைப் பார்த்து முகம் சுளிப்பதும் கிடையாது. 'குடிக்காமலும் இந்தப் பாட்டைக் கேட்கலாம், இங்கே உனக்குத் துணை இருக்கு' என்பதுதான் அந்த பலூன் சொல்வது.

நம்ம நண்பர்கள் வட்டத்தில் குடியை விட நினைக்கிறவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'சும்மா கம்பெனி குடுடா' என்று இழுப்போம். வரவில்லை என்றால் அடுத்த முறை கூப்பிடவே மாட்டோம். பாட்டிலை விட்டால் நண்பர்களையும் பாட்டையும் சேர்த்து விட வேண்டும் என்ற நிலை. அதற்குப் பயந்தே பலர் விடுவதில்லை.

நீங்க என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எல்லாம் வேண்டாம். அடுத்த முறை காரைக்காலுக்குக் கூட்டமாகக் கிளம்பினால், வண்டி ஓட்டுகிறவர் குடிக்க மாட்டார் என்று புறப்படும்போதே பேசி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் பஸ்ஸில் போங்கள். குடிக்காத நண்பருக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து, பாட்டு போடும் உரிமையை அவர் கையில் கொடுங்கள். 21 வயது ஆகாத தம்பிகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

அப்புறம் மாதம் ஒரு முறை, பாட்டில் இல்லாத ஒரு கூட்டம் கூடிப் பாருங்கள். கடற்கரை இருக்கிறது, கோயில் வீதி இருக்கிறது. உங்கள் ஊர் மேளக்காரர் புறப்பாட்டில் வாசிக்கும்போது, அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊர், தேதி, வாசித்தவர் பெயர் எழுதி நண்பர்களுக்கு அனுப்புங்கள். காசுக்கு விற்காதீர்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய சன்மானத்தைக் கையில் கொடுங்கள். ஒரு பீர் காசு போதும், தொடங்கிவிடலாம்.

இன்னும் 40 வருஷம் கழித்து உங்கள் பேரன் கேட்பான், 'உங்க காலத்துல இங்க யாரு நல்லா வாசிச்சாங்க தாத்தா?' என்று. அன்றைக்கு நீங்கள் எடுத்துப் போட்டுக் காட்ட, இந்த வருஷத்து மாங்கனித் திருவிழா மேளம் உங்கள் கையில் இருக்கட்டும்.