கேட்டால் வரும் சேவை, கேட்டாலும் வராத சேவை

கொந்தராத்து என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு முகம் சுளிக்கும். பேர் விழாத வேலை, சேமலாப நிதி இல்லாத வேலை என்றுதான் அதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு மக்கள் சபை இன்னொரு மக்கள் சபையோடு செய்துகொள்ளும் கொந்தராத்து வேறு விஷயம். அதைப் பற்றி நாம் கொஞ்சம் அறிந்திருப்பது நல்லது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லேக்வூட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1950இன் பின் சில வருடங்களுக்குள் அங்கே 17,500 வீடுகள் எழும்பின. பக்கத்தில் இருந்த லோங் பீச் மாநகரம் அந்த ஊரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் பார்த்தது. ஊரார் சம்மதிக்கவில்லை. 1954இல் வாக்களித்துத் தனி நகரமானார்கள். நகரம் வந்துவிட்டது, ஆனால் பொலிஸ் இல்லை, தீயணைப்பு வண்டி இல்லை, தெருப் போட இயந்திரம் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?

அவர்கள் கண்ட வழி சுலபமானது. அதுவரை அந்தப் பகுதிக்கு வேலை செய்துவந்த லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியோடு, அதாவது நமது மாவட்ட நிர்வாகம் போன்ற ஆனால் மக்கள் தெரிவுசெய்யும் சபையோடு, ஒப்பந்தம் செய்தார்கள். அதே ஊழியர், அதே வண்டி. ஆனால் எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று இனி நகர சபை சொல்லும். செய்த வேலைக்குக் காசு கொடுக்கும். இன்று அந்தக் கவுண்டியில் உள்ள 88 நகரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை சொந்தப் பொலிஸ் வைத்துக்கொள்ளாமல் கவுண்டி ஷெரிப்பிடமே அந்தச் சேவையை வாங்குகின்றன. இது தவிர, பொதுச் சேவை ஒப்பந்தம் என்று ஒன்றும் உண்டு. அதில் கையெழுத்திட்டு வைத்திருக்கும் நகரம், தேவைப்படும்போது மட்டும் கேட்கலாம். கேட்காத வேலைக்குப் பில் வராது. கேட்டால் முழுச் செலவையும் கட்ட வேண்டும்.

நமக்கு இதில் பிடித்தது, வேலை செய்பவர் அரசாங்க ஊழியராகவே இருக்கிறார் என்பது. தனியார் கம்பெனி நடுவில் நின்று சம்பளத்தில் கை வைப்பதில்லை.

ஆனாலும் இந்த முறையைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. 1957இல் அதே கவுண்டியில் 'இண்டஸ்ட்ரி' என்ற பெயரிலேயே ஒரு நகரம் உருவானது. தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் நிறைந்த இடம். நகரமாக 500 பேர் வேண்டும். ஆள் காணாததால் ஒரு மனநல விடுதியின் நோயாளிகளையும் ஊழியர்களையும் கணக்கில் சேர்த்தார்கள்! சேவையைக் கவுண்டியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் நகரம் அமைப்பது முதலாளிமாருக்கு மலிவாகிப் போனது. சுற்றியுள்ள தொழிலாளர் ஊர்களுக்குப் போயிருக்கக்கூடிய வரிப்பணம் அந்த எல்லைக்குள் முடங்கியது. துரைமார் சேர்ந்து தங்களுக்கென ஒரு பிரதேச சபை வைத்துக்கொண்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான்.

இனி நமது கதைக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. வாக்குக் கேட்க லயத்துக்கு வரலாம், லயத்துக்கு வரும் பாதையைத் திருத்த முடியாது. முப்பது வருடம் இப்படியே போனது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் வந்தன.

சட்டம் திருந்தியும் குப்பை லயத்துக் கோடியிலேயே கிடக்கிறது. தோட்டத்தில் கேட்டால் "இனி அது சபை வேலை" என்கிறார்கள். சபையில் கேட்டால் "நிதி இல்லை, அது கம்பெனி காணி" என்கிறார்கள். "வரி கட்டாதவர்களுக்கு என்ன சேவை" என்று பேசுவோரும் உண்டு. சவர்க்காரக் கட்டி வாங்கும்போதும் நாம் வரி கட்டுகிறோம் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம்.

வாய்ப்பேச்சில் நடக்கும் இந்தப் பந்தடியை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பதே நமது கருத்து. சபையும் தோட்ட நிர்வாகமும் ஒப்பந்தம் செய்யட்டும்: டிராக்டர் வாரத்தில் எத்தனை தரம் வரும், ஒரு தரத்துக்கு எவ்வளவு, வராவிட்டால் யார் பதில் சொல்வது. 1992 முதல் தோட்டங்களை நடத்திவரும் கம்பெனிகள் தமது பங்கைச் சபைக்குக் கட்ட வேண்டும். தொழிலாளியின் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு சதமும் வெட்டக் கூடாது. துப்புரவு வேலைக்கு எடுப்பவர்களைச் சபையின் நிரந்தர ஊழியராகவே எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று பிரட்டுக்களத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டு இதை அடுத்த சபைக் கூட்டத்தில் பிரேரணையாக வைக்கச் சொல்லுங்கள். கேட்டதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.