தாத்தா வாங்கித் தந்த ரயில்

சின்னவனின் ரயில் இஞ்சின் போன மாதம் நின்றுவிட்டது. காலமான என் மாமனார் ஆசையாய் வாங்கித் தந்தது. "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கலாம்" என்றார் இவர். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

செல் புதுசு. மோட்டாரும் 'ர்ர்'ரென்று சுற்றுகிறது. சக்கரம் மட்டும் நகரவில்லை. அடியிலுள்ள திருகுகளைக் கழற்றினால், மோட்டார் கம்பியில் மாட்டிய குட்டிப் பல்சக்கரம் மயிரிழை விரிசல் விட்டு வழுக்கிக் கொண்டிருந்தது! பசை போட்டேன், ஒரே சுற்றில் விட்டுப் போச்சு. பிறகு பற்களை எண்ணி, பருமனும் துளையும் ஒத்த இன்னொன்றைப் பழைய பொம்மைக் காரிலிருந்து எடுத்து அழுத்திப் பொருத்தினேன். சக்கர அச்சில் சுற்றியிருந்த தலைமுடியையும் எடுத்தேன்.

சகோதரிகளே, கழற்றிய திருகுகளை உடனே டப்பாவில் போட்டு மூடுங்கள். தவழும் குழந்தை கையில் கிடைத்தால் நேரே வாய்க்குத்தான்! பட்டன் செல் இன்னும் ஆபத்து. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது கூடத்தில் "தாத்தா ரயில் வந்தாச்சு!" என்று ஒரே கூச்சல். தூக்கிப் போடச் சொன்னவர்தான் முதலில் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.