பல்லைப் பிடுங்க ஒரு பேர், காப்பாற்ற மூன்று பேர்

அரசாங்க வைத்தியசாலையில் பல் அடைக்கக் காசு வாங்குவதில்லை. பிடுங்கவும் வாங்குவதில்லை. அப்படியிருந்தும் நம் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் வாயில் அடைத்த பற்களை விடப் பிடுங்கிய இடங்களையே நாம் அதிகம் காண்கிறோம். தோட்டத்து மக்களுக்கு விளக்கம் போதாது, அதனால்தான் இப்படி என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அதை ஏற்பதில்லை. நம்மவர்கள் கணக்குப் பார்த்துத்தான் பிடுங்குகிறார்கள்.

அந்தக் கணக்கு இதுதான். டவுன் வைத்தியசாலைக்குப் போக விடிய பஸ் ஏற வேண்டும். நம்பர் எடுத்து வரிசையில் இருந்து திரும்பி வரப் பின்னேரமாகிவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. 2024இல் சம்பள நிர்ணய சபை தீர்மானித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அன்றைய நாட்சம்பளம் போகும், பஸ் காசும் போகும். பிடுங்கினால் அந்த ஒரு நாளோடு வலி தீரும். அடைப்பதென்றால், சொத்தை ஆழமாக இருக்கும்போது முதலில் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, மறுபடி வரத் திகதி கொடுப்பார்கள். வேர் வரை போயிருந்தால் இன்னும் ஓரிரு திகதிகள். மூன்று திகதி என்றால் மூன்று பேர் போய்விடும். மாதச் சம்பளக்காரர் லீவு போட்டுவிட்டுப் பல்லைக் காப்பாற்றுகிறார். நாட்சம்பளக்காரர் பல்லைக் கொடுத்துப் பேரைக் காப்பாற்றுகிறார்.

இந்த இடத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு, கூடினால் சில மாதங்களுக்கே தாங்கும். வலி நின்றுவிட்டது என்று இரண்டாவது திகதிக்குப் போகாமல் விட்டால் அடைப்பு தேய்ந்து, ஓரத்தில் இடைவெளி விழும். கிருமி அதன் வழியே இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும். கடைசியில் பல் போகும். "அடைச்சும் பல்லு போயிருச்சே, அடைச்சு என்ன பிரயோசனம்?" என்ற பேச்சு லயத்தில் பரவுவது இப்படித்தான். பாதியில் நின்றுபோன வைத்தியத்துக்காக அடைப்பைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நிரந்தர அடைப்புக்கும் ஆயுள் உண்டு. வெள்ளி நிறத்தில் இருக்கும் அமல்கம் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் நிற்கும். பல் நிறத்தில் வைக்கும் கொம்போசிட் 5 முதல் 10 ஆண்டுகள். கிளாஸ் அயனோமர் என்ற வகை மெல்லும் இடத்தில் அதை விடச் சீக்கிரம் தேயும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இதற்கு மேலும் நிற்கும், பார்க்காமல் விட்டால் இரண்டு வருடத்திலும் போகும். அடைத்த பல்லில் குளிர் பட்டால் கூசுவது, ஒரே இடத்தில் சாப்பாடு சிக்குவது, நாக்கில் கூர்மையாக ஏதோ தட்டுப்படுவது இவையெல்லாம் அடைப்பு விடுகிறது என்பதற்கு அறிகுறிகள். அப்போதே போனால் ஒரு திகதியில் திருத்தலாம். கராம்பும் பனடோலும் வைத்து நாளைக் கடத்தினால் மறுபடி மூன்று திகதி.

நம் பக்கத்தில் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. மலையகத்து ஊற்று நீரில் புளோரைட் இயற்கையாகவே குறைவு. அதனால் கரியையும் உப்பையும் விட்டுப் புளோரைட் உள்ள பற்பசையால் காலையிலும், முக்கியமாக இரவு படுக்கப் போகும் முன்பும் பல் துலக்க வேண்டும். சீனி போட்ட சாயத்தண்ணியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது அடைப்பின் ஓரத்தை அரிக்கும். காய்ந்த கொட்டைப்பாக்கை அடைத்த பல்லால் கடித்தால் பல்லே பிளக்கலாம். வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வருவது இன்னும் பெரிய ஆபத்து. பிள்ளைகளுக்கு ஆறு வயதளவில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் இல்லை. அது விழுந்து மறுபடி முளைக்காது. "விழுகிற பல்லுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

ஆனால் பல் துலக்கும்படி தொழிலாளிக்குப் புத்தி சொல்வதோடு நிர்வாகமும் சுகாதார அமைச்சும் கடமையை முடித்துக்கொள்ள முடியாது. நாம் கேட்பது மூன்று.

முதலாவது, வைத்தியசாலைத் திகதித் துண்டைக் காட்டும் தொழிலாளிக்கு அந்த நாளுக்குக் குறைந்தது அரைப்பேராவது போட வேண்டும். துண்டைக் காட்டி ஊர் சுற்றுவார்கள் என்று நிர்வாகம் சொல்லும். துண்டில் வைத்தியசாலையின் முத்திரையும் திகதியும் இருக்கின்றன, சரிபார்க்கலாம். தாடை வீங்கி மலைக்கு ஏறுகிறவர் பறிக்கும் கொழுந்து எத்தனை கிலோ குறைகிறது என்பதையும் அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

இரண்டாவது, வருடத்துக்கு இரண்டு முறை நடமாடும் பல் சிகிச்சை தோட்டத்துக்கே வர வேண்டும். கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமரால் அடைக்கும் முறை ஒன்று 1980களில் தன்சானியாவில் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், துளையிடும் இயந்திரமும் வேண்டாம். எல்லாச் சொத்தைக்கும் அது பொருந்தாதுதான். ஆனாலும் தோட்டப் பாடசாலையிலோ பிள்ளைக் காம்பராவிலோ வைத்துச் செய்யலாம் என்னும்போது, வசதி இல்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

மூன்றாவது, திகதித் துண்டையும் விளக்கத்தையும் தமிழில் கொடுக்க வேண்டும். "இது தற்காலிக அடைப்பு, இத்தனாம் திகதிக்குள் வராவிட்டால் பல் போகும்" என்ற ஒரு வரியை வாசிக்க முடிந்தால், பல பற்கள் தப்பும்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இதை எடுக்க வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் தோட்டத்தில் எத்தனை பேர் பல் பிடுங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாவது திகதிக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று லயம் லயமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். துரையோடு பேசப் போகும்போது அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கட்டும்.