அஞ்சுவதற்கும் ஓர் அறம் உண்டு

அச்சம் இன்று ஒரு விலைப்பொருள். முன்பு அது சுடுகாட்டுப் பாதையிலும் பாழுங்கிணற்றடியிலும் தானாக வந்து மனிதனைப் பற்றிக்கொண்டது. இன்றோ கைப்பேசியில் இறக்கி, நள்ளிரவில் போர்வைக்குள் வைத்துச் சுவைக்கப்படுகிறது. பொட்டிப்புரத்திலிருந்து கம்பம் வரை, நம் பள்ளத்தாக்கின் பள்ளி மாணவர்களுக்குத் திகில் விளையாட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படுவது பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் நம்மைப் போன்ற மேய்ப்பர்களுக்குமே.

இவ்விளையாட்டுகளைக் குறித்து இரண்டு கூச்சல்கள் எழுகின்றன. ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்பது ஒன்று. ‘சாத்தானின் வலை, அடியோடு தடை செய்க’ என்பது மற்றொன்று. இரண்டுமே ஆராயாமல் எழுந்தவை. திகில் விளையாட்டுகளுள் சில மனிதனின் மனச்சான்றைத் தட்டி எழுப்புகின்றன. அவற்றைத் திரைக்குக் கொண்டுவருவோருள் பலர், மனச்சான்றைக் கழித்துவிட்டு இரத்தத்தை மட்டும் வடித்தெடுத்து விற்கின்றனர். நம் வழக்கு இந்த வணிகத்தோடுதான்.

‘நம் பாட்டிமார் பேய்க்கதை சொல்லவில்லையா?’ என்று கேட்போர் உளர். சொன்னார்கள். ஆனால் அக்கதைகளில் பேய்க்கு ஒரு காரணம் இருந்தது. நல்லதங்காளின் கிணற்றை நினைத்து நடுங்கிய குழந்தை, பசியோடு வந்தவளை விரட்டிய வீட்டின் கொடுமையையும் சேர்த்தே கேட்டது. தென் மாவட்டங்களில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் பலர் தெய்வங்களாக நின்று வழிபாடு பெறுகின்றனர். அந்த அச்சத்தின் அடியில் நீதியின் குரல் இருந்தது. வள்ளுவரும் அச்சம் அனைத்தையும் இகழ்ந்தவர் அல்லர். அஞ்சத்தக்கதை அறிந்து அஞ்சுவதை அறிவோடு சேர்த்தார். இறையியலாரும் தண்டனைக்கு அஞ்சும் அடிமையின் அச்சத்தையும், அன்புக்குரியவரை நோகச் செய்துவிடுவோமோ என்று அஞ்சும் பிள்ளையின் அச்சத்தையும் வேறுபடுத்தினர். ஆகவே திகில் படைப்பு ஒவ்வொன்றையும் நோக்கி நாம் கேட்க வேண்டியது இதுவே: இந்த அச்சம் நம்மிடம் எதையேனும் கேட்கிறதா, அல்லது நரம்பை மட்டும் சுண்டிவிட்டுப் போகிறதா?

1996இல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் தோட்டாக்கள் குறைவு. அதுவரை ஆடியதைச் சேமித்து வைப்பதற்கும் தட்டச்சு மை நாடா வேண்டும்; அதுவும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். ஆடுபவன் ஒவ்வோர் அறைக்குமுன்னும் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீணடித்தால் பின்னர் வருந்த வேண்டும். 2002இல் பால் ஆண்டர்சன் அதைப் படமாக்கியபோது, விளையாட்டில் இல்லாத ஆலிஸ் என்னும் நாயகியைப் படைத்தார். 2016 வரை அவளை வைத்து ஆறு படங்கள் வந்தன. அளந்து செலவிடும் அறிவு மறைந்தது. ஓயாத சூடும் சிதறும் உடல்களுமே எஞ்சின. எண்ணி எண்ணி நடந்தவன் இப்போது நாற்காலியில் சாய்ந்து பார்க்கிறான். அவன் கையிலிருந்த பொறுப்பு பறிக்கப்பட்டுவிட்டது.

இதனினும் வலிய சான்று, 2001இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘சைலண்ட் ஹில் 2’. இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி, மூடுபனி சூழ்ந்த ஊருக்குள் ஒருவன் நுழைகிறான். வழியில் அவனை மறிக்கும் கோர உருவங்கள், அவன் தன்னிடமிருந்தே மறைத்துவைத்த குற்றத்தின் உருவங்கள். நோயுற்றிருந்த மனைவியைக் கொன்றவன் அவனே. கதையின் முடிவும் ஒன்றன்று. ஆடுபவன் தன் காயங்களைக் கவனித்தானா, மனைவியின் படத்தை எடுத்துப் பார்த்தானா என்பன போன்ற சிறு செயல்களைக் கணக்கிட்டு முடிவு மாறுகிறது. இது ஆன்ம சோதனை அன்றி வேறென்ன? ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் நாம் மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க முயலும் அதே பாடத்தை, இறைவன் பெயரைச் சொல்லாமலே அவ்விளையாட்டு சொல்லிக் கொடுத்தது.

அதற்கு முந்தைய முதல் விளையாட்டைத் தழுவி 2006இல் கிறிஸ்தோப் கான்ஸ் இயக்கிய படத்தில், கடவுளின் பெயரால் ஒரு சிறுமியைத் தீயிலிடும் மதவெறியர் காட்டப்படுகின்றனர். குருக்களாகிய நாம் இதற்காகச் சினம் கொள்ளத் தேவையில்லை. அத்தகைய வெறி வரலாற்றில் இருந்தது. அதைக் காட்டுவது தவறன்று. நம் குறை வேறு. வெறியர்களைக் கண்டிக்கத் தொடங்கிய படம், அவர்களைக் கோவிலுக்குள்ளேயே முள்கம்பியால் கிழித்துப் போடும் காட்சியில் திளைக்கிறது. குற்றத்தைக் கண்டு நடுங்க வேண்டியவன் பழிவாங்கலைக் கண்டு கைதட்டும்படி செய்யப்படுகிறான்.

‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெட்டீஸ்’ இன்னும் கீழே இறங்குகிறது. 2014இல் விளையாட்டாக வந்த அதன் உள்ளே இருப்பது, கொலையுண்ட குழந்தைகளின் ஆவிகள் இயந்திரப் பொம்மைகளில் குடிகொண்ட கதை. 2023இல் வெளிவந்த படம் உலகெங்கும் சுமார் 29 கோடி டாலர் ஈட்டியது. அந்தப் பொம்மைகளே பஞ்சடைத்த விளையாட்டுப் பொருள்களாகச் சிறுவர்களுக்கு விற்கப்படுகின்றன. குழந்தைக் கொலையைக் குழந்தைகளுக்கே விற்கும் இத்தொழிலுக்கு என்ன பெயர் இடுவது? அங்கே இறந்த குழந்தைக்காக அழ யாரும் இல்லை; அதைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டுமாம்!

வேறு வழியே இல்லையா? உண்டு. 2019இல் அஸ்வின் சரவணன் இயக்கித் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த ‘கேம் ஓவர்’ எந்த விளையாட்டின் தழுவலும் அன்று. ஆயினும் விளையாட்டின் உயிரை அது எடுத்துக்கொண்டது. அதன் நாயகி விளையாட்டுகளை வடிவமைப்பவள். வன்முறைக்கு ஆளாகி இருளுக்கு அஞ்சுபவள். அவளுக்கு மூன்று உயிர்கள் கிடைக்கின்றன. முந்தைய தோல்வியின் நினைவே அடுத்த முறை அவளுக்கு ஆயுதமாகிறது. அஞ்சத்தக்கதாக அப்படம் காட்டியது பேயை அன்று. பெண்களை வேட்டையாடும் மனிதரை. நம் மண்ணில் இது முடியுமென்றால், கோடிகளைக் கொட்டும் அயல்நாட்டார்க்கு ஏன் முடியவில்லை?

‘திரையில் பார்ப்பது திரையோடு போகும்’ என்பார்க்கு நம் பள்ளத்தாக்கே மறுமொழி. நிலத்தடி ஆய்வுக்கூடம், அங்கே வரம்பு மீறும் அறிவியலாளர், அதனால் அழியும் ஊர் என்பது திகில் விளையாட்டுகளின் நிலையான கதை. ‘ரெசிடென்ட் ஈவில்’ அப்படியே. 1993இல் வந்து 2005இல் படமான ‘டூம்’ விளையாட்டிலும் ஆய்வுக்கூடத்திலிருந்தே நரகத்தின் வாயில் திறக்கிறது. பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க நடுவண் அமைச்சரவை 2015 சனவரியில் ஒப்புதல் அளித்தது. போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. நம் மக்கள் கேட்ட கேள்விகளில் பல நேரியவை: பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் மலைக்கு என்ன நேரும்? நீருக்கு, காட்டு விலங்கின் வழித்தடத்திற்கு என்ன நேரும்? அவற்றிற்கு விடை சொல்வது ஆள்வோரின் கடமை. ஆனால் நியூட்ரினோவே ஊரை எரிக்கும் என்ற பேச்சும் உடன் உலவியது. நொடிதோறும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் தீங்கின்றி நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன என்பதே உண்மை. திரைப் பேய்க்குப் பழகிய மனம், கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுக் கற்பனை அரக்கனோடு போரிடும். அப்போது மகிழ்பவர் விடை சொல்ல விரும்பாதவரே.

2011 நவம்பரில் முல்லைப் பெரியாறு கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அணை உடையும் கதையோடு ‘டேம் 999’ வந்தது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. குமுளி எல்லையில் திரண்ட நம் மக்களுக்குத் தெரியும், திரையில் விதைத்த அச்சத்தை அறுவடை செய்வோர் யார் என்று.

தடை கோருவோர்க்கும் ஒரு சொல். 2017இல் ‘நீலத் திமிங்கலம்’ என்ற பெயர் தமிழகத்தை உலுக்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னர் நடுவண் அரசு அமைத்த குழு, ஆய்ந்த மரணங்கள் எதிலும் அவ்விளையாட்டின் பங்கை நிறுவ முடியவில்லை என்றது. தேடப்பட்டது விளையாட்டு; கவனிக்கப்படாமல் போனது இளையோரின் தனிமை. பார்க்காமலே அஞ்சுவோரும் திகில் வணிகத்தின் வாடிக்கையாளரே.

திரைப்படங்களுக்கு 2024 விதிகள் 7, 13, 16 என வயது வரம்புகளைப் பிரித்துள்ளன. 2025இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டத்தின் கண் பணத்தின் மேலேயே இருக்கிறது. கைப்பேசிக் கடையில் காட்டப்படும் வயது எண்ணைப் படிப்பார் இல்லை. எனவே காவல் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கி எறிவது காவல் அன்று. பிள்ளையின் அருகில் ஒரு மாலை அமர்ந்து பார்ப்பதே காவல். இங்கே இறந்தவர் யார், கொன்றவர் யார், நீ என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்கு இடம் தரும் விளையாட்டுக்கு அஞ்ச வேண்டாம். இடம் தராததை வீட்டுக்குள் விடவும் வேண்டாம்.